மோட்டார் கேள்வி–பதில்: பிக்கப்பில் ரோல் கேஜ்

கேள்வி: தினமும் ஓடும் என் பழைய பிக்கப்பை கால் மைல் டிராக் (நேர்கோட்டு வேகப் போட்டி) ஓட்டத்துக்கும் தயார் செய்கிறேன். ஜிஐ தண்ணிப் பைப்பில் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் பைப் கூடு) அடிக்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். அடிபட்டால் அந்தப் பைப் அதன் நீளவாட்டு வெல்டிங் தையலில் பிளக்கலாம். நாகப்பூச்சு வெல்டிங்கில் நச்சுப்புகை விடும். 1⅝ அங்குல விட்டம், 0.118 அங்குலத் தடிப்புள்ள மைல்ட் ஸ்டீல் ரியூப் எடுங்கள். கேபின் ரப்பர் புஷ்ஷில் ஆடும்; ஆகவே கேஜின் கால்களைக் கேபின் தரையைத் துளைத்து இறக்கிச் சேசியில் வெல்ட் பண்ணி ஒட்டுங்கள். துளையைச் சுற்றி இடைவெளி விடாவிட்டால் கிரவல் ஒழுங்கையில் தரைத் தகடு வெடிக்கும்.

வீதியில் ஹெல்மெட் போடமாட்டீர்கள், தலையோரப் பைப்தான் ஆபத்து. கதிரை ஸ்பொஞ்ச் சுற்றி ஏமாறாதீர்கள். கேஜுக்கென்றே வரும் கெட்டிப் பாடிங் வேண்டும்.

உங்கள் வண்டி கால் மைலை 11.49 செக்கனுக்கு மேல்தான் ஓடுமென்றால், அமெரிக்க டிராக் ஓட்டச் சங்கமான என்எச்ஆர்ஏயின் விதி ரோல் பாரைக்கூட (கேஜைவிடச் சிறிய, ஆசனத்துக்குப் பின்னால் வரும் பைப் வளையம்) கேட்பதில்லை.