ஊர்ப் பறைக்குழுவுக்கு அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஊரில் எட்டுப் பேர் பறையாட்டக் குழு வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லித்தர ஆசை. அரசிடமிருந்து என்ன கிடைக்கும்?

கிடைக்கும், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. முதலில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் எட்டுப் பேரும் உறுப்பினராகப் பதியுங்கள். 2007-இல் தொடங்கிய வாரியம் இது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை இதன் வழியாக வரும். கருவிகளும் ஆடை அணிகலன்களும் வாங்க நிதி வேண்டுமென்றால் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சொல்லித்தருவதற்குத் தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தைப் பாருங்கள். 1986-இல் மத்திய அரசு அமைத்தது. அங்கே குரு-சீடர் திட்டம் என்று ஒன்று உண்டு. ஆசானுக்கு மட்டுமல்ல, பக்கவாத்தியக்காரருக்கும் கற்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் தொகை தருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இதுதான். மேடை நிகழ்ச்சிக்கான பணம் ஒரே நாளில் கரைந்துவிடும். இதில் வாரக்கணக்கில் உட்கார்ந்து அடவு பழக நேரம் கிடைக்கிறது. பறை போன்ற கலைக்கு அந்த நேரம்தான் தேவை. ஏடு பார்த்துப் படிக்கிற வித்தையா அது? 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தின் வார இறுதி வகுப்புகளும் உண்டு.

அப்புறம், ஆடிய ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அழைப்பிதழ், புகைப்படம், செய்தித்தாள் துணுக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்கும்போது அவைதான் சான்று. திருவிழா நோட்டீஸ்கூட உதவும்.