மாஸ் எஃபெக்டில் கேரஸ் காதல் ஏன் இவ்வளவு எடுபடுகிறது?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: "வியாசர்பாடியில் எங்க ஏரியா கேமிங் சென்டர்ல மாஸ் எஃபெக்ட் 2 ஓடிட்டிருக்கு. அங்க வர்ற ஒரு அக்கா, கேரஸ் ரொமான்ஸ்தான் இருக்கிறதுலயே பெஸ்ட்னு சொல்றாங்க. ஆளைப் பார்த்தா முகத்துல பாதி கிழிஞ்சிருக்கு, உதடே கிடையாது. பசங்க எல்லாம் சிரிக்கிறாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

அக்கா சொல்வது சரி. ஏன் என்று விளக்குகிறேன். மாஸ் எஃபெக்ட் என்பது ஷெப்பர்ட் என்ற விண்கப்பல் தளபதியாக நீங்கள் விளையாடும் மூன்று பாக விண்வெளி கேம். கேரஸ் அதில் வரும் கூட்டாளி, டூரியன் என்ற வேற்றுக்கிரக இனத்தவன். மூன்று பாகங்களின் கதையும் இதில் வந்துவிடும், இன்னும் முடிக்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

ஒரு கதாபாத்திரமாகவே மாறி விளையாடும் பெரும்பாலான ஆர்பிஜி கேம்களில் காதல் என்பது உஷார் பண்ணுகிற வேலைதான். எந்தப் பதிலுக்கு அந்த ஆள் சந்தோஷப்படும் என்று பார்த்து அதையே சொல்லிக்கொண்டு போக வேண்டும். மாஸ் எஃபெக்டை உருவாக்கிய பயோவேர் நிறுவனமே 2009ல் வெளியிட்ட டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் இது வெளிப்படையாகவே இருக்கும். ஒவ்வொரு கூட்டாளிக்கும் மைனஸ் 100லிருந்து பிளஸ் 100 வரை ஒரு மதிப்பெண். பரிசுப் பொருள் கொடுத்தால் ஏறும், பிடிக்காததைச் செய்தால் இறங்கும். அதிலும் நல்ல காதல் கதைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் விளையாடுகிறவர் மனதில் ஒரு ஓரத்தில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கேரஸிடம் அந்தக் கணக்கே கிடையாது. அவனைத் திருப்திப்படுத்த நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்தக் காதலின் பலமே அதில்தான் இருக்கிறது என்பேன்.

2007ல் வந்த முதல் பாகத்தில் கேரஸோடு காதல் வழியே கிடையாது. சிட்டடல் என்ற விண்வெளி நிலையத்தின் போலீஸான சி-செக்கில் அவன் ஒரு அதிகாரி. அந்தப் பாகத்தின் வில்லன் சாரன் மீதான விசாரணையை மூடச் சொல்லும் மேலதிகாரியோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதுதான் முதலில் கண்ணில் படுவான். நீங்கள் நினைத்தால் அவனைச் சேர்த்துக்கொள்ளாமலே கதையை முடித்துவிடலாம். சேர்த்துக்கொண்டால் கப்பலின் அடித்தளத்தில் மாக்கோ வண்டி பக்கத்தில் நிற்பான். பேசுவதெல்லாம் வேலையைப் பற்றித்தான். விதியை மதிப்பதா, குற்றவாளியைப் பிடிப்பதா என்பதுதான் அவன் மனதை அரிக்கிற விஷயம். உயிருள்ள ஆட்களின் உடம்புக்குள் உறுப்புகளை வளர்த்து விற்ற டாக்டர் சேலியன் என்பவன் தன் கையை விட்டுத் தப்பிய கதையைச் சொல்வான். அவனைத் தேடிப் போகும் பயணத்தில் ஷெப்பர்ட் சொல்லும் பேச்சு கேரஸை ஒரு பக்கமோ மறு பக்கமோ சாய்க்கும். ஒரு முழு கேம் நீளத்துக்கு இது வெறும் சிநேகம், அதுவும் சீனியர் ஜூனியர் மாதிரியான சிநேகம். அடுத்த பாகத்தின் காதலுக்கு அஸ்திவாரம் இங்கேதான் விழுகிறது, ஆனால் விளையாடும்போது யாருக்கும் அது தெரியாது.

2010ல் வந்த இரண்டாம் பாகம் ஷெப்பர்டைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறது. செர்பரஸ் அமைப்பு உயிர் கொடுத்து எழுப்பும்போது இரண்டு வருடம் ஓடிப்போயிருக்கும். பழைய ஆட்கள் பலரும் விலகியிருப்பார்கள். முதல் பாகத்தில் காதலித்த கைடனோ ஆஷ்லியோ ஹொரைசன் என்ற கிரகத்தில் சந்தேகத்தோடு பேசிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இன்னொரு பழைய கூட்டாளி லியாரா வேறு வேலையில் மூழ்கியிருப்பாள். கேரஸோ எந்தக் கேள்வியும் கேட்காமல் கூட வருவான். ஒமேகா என்ற விண்வெளி நிலையத்தில் மூன்று கூலிப்படைகளை ஒற்றை ஆளாகத் தடுத்துக்கொண்டிருக்கும் 'ஆர்க்கேஞ்சல்' வேறு யாருமில்லை, கேரஸ்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, களைத்துப்போய் உட்காரும் அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கட்டிப்பிடிப்பதெல்லாம் கிடையாது. ரெண்டு பேரும் உடனே தப்பிக்கிற வழியைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம்தான் எதிரிகளின் பறக்கும் போர் வாகனமான கன்ஷிப்பின் ராக்கெட் அவன் முகத்தைக் கிழிக்கிறது. உங்கள் பசங்க சிரிக்கிற அந்தத் தழும்பு அங்கே வந்ததுதான்.

அடுத்தது சிடோனிஸ் காட்சி. எழுத்து, கேமரா, கன்ட்ரோல் மூன்றும் இதில் ஒன்றாக வேலை செய்கின்றன. கேரஸின் குழுவைக் காட்டிக்கொடுத்து மொத்தப் பேரையும் சாகவிட்டவன் சிடோனிஸ். சிட்டடலில் ஒளிந்திருக்கிறான். கேரஸ் உயரத்தில் ஸ்நைப்பரோடு படுத்திருப்பான், ஷெப்பர்ட் கீழே போய் சிடோனிஸை நிறுத்திப் பேச வேண்டும். காதில் கேரஸ் குரல் கேட்கும். அவன் ஸ்கோப் வழியாகத் திரையில் தெரிவது ஷெப்பர்டின் தலை, குறிக்கு நடுவில். நீங்கள் நகர்ந்தால் சுடுவான், நகராவிட்டால் சுட முடியாது. அப்படியே நின்று சிடோனிஸைப் பேசவிட்டால், தூக்கமில்லாமல் குற்றவுணர்ச்சியில் கரைந்துகொண்டிருக்கும் ஒருவனின் குரலை கேரஸும் கேட்பான். கடைசியில் போகட்டும் என்று விட்டுவிடுவான்.

முக்கியமான விஷயம், இரண்டில் எதைச் செய்தாலும் அவன் விசுவாசம் உங்களுக்குக் கிடைக்கும், காதல் வழியும் திறந்தே இருக்கும். அவன் ஆசைப்பட்டதற்குக் குறுக்கே நின்றாலும் உறவு முறிவதில்லை. அதனால் அந்த இடத்தில் உங்களுக்கு எது நியாயமோ அதைத்தான் செய்வீர்கள், பாயின்ட்டுக்காகச் செய்ய மாட்டீர்கள். சமமான இரண்டு பேருக்கு நடுவே இருக்க வேண்டிய நம்பிக்கையை இந்த ஒரு டிசைன் முடிவே உண்டாக்கிவிடுகிறது.

இதற்குப் பிறகுதான் காதல் பேச்சு வரும், அதுவும் வழக்கமான காதல் பேச்சாக இருக்காது. டூரியன் கப்பல்களில் பெரிய சண்டைக்கு முன்னால் இறுக்கத்தைக் குறைக்க சக வீரர்களே மோதிப் பார்ப்பார்கள் என்று ஒரு கதை சொல்வான். ஷெப்பர்ட் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு யோசனை சொல்ல, அவனுக்கு வார்த்தை தடுமாறும். மனிதப் பெண்கள் மேல் தனக்குத் தனி மோகம் எதுவும் இல்லை, உன் மேல் இருக்கும் மரியாதைதான் காரணம் என்பதைத் திக்கித் திணறிச் சொல்லிவிடுவான். மூன்று கூலிப்படைகளுக்கு முன்னால் நடுங்காதவன் இங்கே நடுங்குவதுதான் அழகு. பிராண்டன் கீனர் தன் குரலில் அந்தத் தயக்கத்தைக் கொண்டுவந்திருப்பதும், ஜெனிஃபர் ஹேலின் ஷெப்பர்ட் அதைக் கேலி செய்யாமல் ரசிப்பதும் பாதி வேலையை முடித்துவிடுகின்றன. உடல் வேறுபாட்டையும் கதை மூடி மறைப்பதில்லை. டூரியன்களின் உடம்பு டெக்ஸ்ட்ரோ அமினோ அமிலத்தால் ஆனது, நமக்கு அது ஒவ்வாமை தரலாம். டாக்டர் மோர்டின் ஷெப்பர்டிடம் அதை முகத்துக்கு நேராக மருத்துவ அறிவுரையாகவே சொல்வார்.

கடைசி மிஷனுக்காக ஒமேகா 4 ரிலே என்ற விண்வெளி வாசலுக்குள் நுழைவதற்கு முன் வரும் அறைக் காட்சியில் கேரஸ் ஒயின் பாட்டிலோடு வந்து, பொருந்தாத பாட்டைப் போட்டு, இடுப்பைப் புகழ்கிறேன் என்று உளறுவான். பிறகு ஒரு நொடியில் எல்லாம் அடங்கும். இதுவரை எல்லாமே தப்பாகவே போயிருக்கிறது, ஒரே ஒரு தடவை ஏதாவது சரியாக நடக்கட்டும் என்று கேட்பான். ஷெப்பர்ட் அவன் தழும்புக் கன்னத்தைத் தொடுவாள். நெற்றியும் நெற்றியும் சாயும், அவ்வளவுதான். உதடில்லாத அவனோடு வழக்கமான முத்தக் காட்சிக்குப் பதிலாக வரும் இந்த நெற்றி அசைவு நூறு முத்தக் காட்சிகளை விட மனதில் நிற்கிறது.

இனி எங்கே தப்பாகும் என்று பார்ப்போம். முதலில், ஷெப்பர்ட் பெண்ணாக இருக்க வேண்டும், ஆண் ஷெப்பர்டுக்கு இந்த வழி கிடையாது. சிடோனிஸ் மிஷனை முடிக்காமல் காதல் பேச்சு தொடங்காது. ஒவ்வொரு மிஷனுக்கும் பிறகு மூன்றாம் தளத்தில் பீரங்கி அறைக்குப் போய்ப் பேசுங்கள். 'கேலிப்ரேஷன் வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசலாமா' என்றே திரும்பத் திரும்பச் சொன்னால் காதல் முறிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு எழுதிய வசனம் தீர்ந்துவிட்டது, அவ்வளவே. இன்னும் ஒன்றிரண்டு மிஷன் முடித்துவிட்டு வாருங்கள்.

பெரிய பொறி, ரீப்பர் ஐஎஃப்எஃப் என்ற கருவியை எடுத்துவரும் மிஷன். அதை எடுத்துவந்த பிறகு எதிரிகளான கலெக்டர்கள் உங்கள் கப்பலைத் தாக்கி ஊழியர்களைத் தூக்கிப்போவார்கள். அதன் பின் வேறு மிஷன்களுக்குப் போய்த் தாமதித்தால் அந்த ஊழியர்கள் செத்துப்போவார்கள். ஆகவே கேரஸின் மிஷனையும் பேச்சையும் ஐஎஃப்எஃப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். அவன் பரிந்துரைக்கும் தானிக்ஸ் பீரங்கிக்கு 15,000 பிளாட்டினம் வேண்டும். கிரகம் கிரகமாக ஸ்கேன் செய்வது சலிப்புதான், இருந்தாலும் செய்துவிடுங்கள். அந்தப் பீரங்கி இல்லாமல் கிளம்பினால் வழியிலேயே கூட்டாளி ஒருவர் சாவார், அது கேரஸாகவும் இருக்கலாம். கடைசி மிஷனில் குழாய்க்குள் போகிற வேலைக்கு டாலி, லீஜன், கசூமி என்ற கூட்டாளிகளில் விசுவாசம் கிடைத்த ஒருவரை அனுப்புங்கள். விசுவாசம் கிடைத்த கேரஸை இரண்டாவது அணிக்குத் தலைவனாக வைத்தால் தாக்குப்பிடிப்பான்.

மூன்றாம் பாகத்தில், 2012ல், புதிதாக இந்தக் காதலைத் தொடங்க முடியாது, இரண்டாம் பாகத்தின் சேவ் உள்ளே வந்திருக்க வேண்டும். அங்கே சிட்டடலில் பிரெசிடியம் என்ற பகுதியின் உச்சிக்கு, போகக் கூடாத இடத்துக்கு, உங்களைக் கூட்டிப்போய் பாட்டில் சுடும் போட்டி வைப்பான். கடைசி பாட்டிலை அடிப்பதா, வேண்டுமென்றே தவறவிடுவதா என்று உங்களிடம் கேட்கும். புளியந்தோப்பு பக்கம் கேரம் கிளப்பில், சுலபமாக விழ வேண்டிய ரெட்டை ஒருவன் விட்டுக்கொடுத்து எதிரில் இருப்பவனைச் சிரிக்கவைப்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அப்படித்தான். தவறவிட்டால் அவன் தன் பெயரைக் கத்திச் சொல்லிக் குதிக்கிற குதி இருக்கிறதே, பிரபஞ்சமே அழிந்துகொண்டிருக்கும் கதையில் அந்த ஒரு நிமிடம் அவ்வளவு லேசாக இருக்கும். அடிப்பதைவிட அதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஆண் ஷெப்பர்டாக விளையாடினாலும் பாட்டில் போட்டி உண்டு, அங்கே அது சிநேகிதர்களின் காட்சி. காதலை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கிறது என்றால், அடியில் இருக்கும் சிநேகம் எவ்வளவு கெட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே தொடரில் இன்னொரு கூட்டாளியான ஜேக்கப்பைப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் அவனைக் காதலித்திருந்தாலும் மூன்றில் வேறொரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டிருப்பான். விளையாடியவர்கள் கொதித்ததில் ஆச்சரியமே இல்லை. காரணம் துரோகம் மட்டும் இல்லை, அந்த மாற்றத்துக்கான தயாரிப்பே கதையில் கிடையாது. கேரஸ் விஷயத்தில் ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியில் காரணம் இருக்கிறது.

கேமிங் சென்டரில் மணிக்கணக்கு கொடுத்து விளையாடுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். எல்லாரும் ஒரே ப்ரொஃபைலில் விளையாடினால், நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாராவது உங்கள் சேவ் மேலேயே எழுதிவிடுவார்கள், மூன்று பாகத்துக்கும் போக வேண்டிய உறவு அங்கேயே அறுந்துபோகும். பிஎஸ்4 என்றால் உங்கள் சொந்த பிஎஸ்என் கணக்கில் விளையாடி, செட்டிங்ஸில் சேவ் டேட்டா பகுதிக்குப் போய் பென் டிரைவுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மெஷினிலும் அதே கணக்கில்தான் திறக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் 2021ல் வந்த லெஜண்டரி எடிஷனில் மூன்று பாகமும் சேர்ந்தே வருகிறது. 120 ஜிபி இடம் வேண்டும், மொபைல் டேட்டாவில் இறக்க நினைக்காதீர்கள். பர்மா பஜாரில் பழைய டிஸ்க் தேடுகிறீர்கள் என்றால் தனித்தனி பிஎஸ்3 டிஸ்க்குகளை விட்டுவிட்டு பிஎஸ்4 லெஜண்டரி எடிஷனையே கேளுங்கள். முதல் பாகம் முதன்முதலில் விளையாடும்போது பழசாகத் தெரியும், தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள், மாக்கோ பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசிவிட்டு வாருங்கள்.