எலிக்குப் பலித்தது அப்பாவுக்குப் பலிக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் நோய். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒருவர், ஜிடிஎன்எஃப் மரபணுவைத் தூண்டுமென்று ஒரு கேப்சூலை மாதம் 280 வெள்ளிக்குத் தருகிறார். எலிகளில் நிரூபித்தாயிற்றாம். வாங்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல்.

ஜிடிஎன்எஃப் நரம்பு செல்களைச் சாகவிடாமல் தாங்கும் ஒரு புரதம். உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களை அது காப்பதை 1993-இல் கண்டார்கள். பார்க்கின்சனில் அழிவதும் இந்தச் செல்கள்தான். 1995-இல், இவற்றை நஞ்சால் சிதைத்த சுண்டெலிகளுக்கு அந்தப் புரதத்தைக் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. கொடுத்தது எப்படி? நேராக மூளைக்குள், ஊசியால். இதை விற்பவர் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த வருடம் இன்னொரு வேடிக்கை. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவையே நீக்கிய சுண்டெலிக் குட்டிகள் பிறந்தன. டோபமின் செல்கள் இருக்காது என்றுதானே நினைப்போம்? அவை ஒழுங்காகவே இருந்தன. சிறுநீரகம் இல்லை, குடல் நரம்புகள் இல்லை! குட்டிகள் பிறந்து ஓரிரு நாளுக்குள் இறந்துவிட்டன. இடத்துக்கு இடம் வேறு வேலை பார்க்கும் மரபணுவை உடம்பு முழுக்கத் தூண்டுவது நல்லதென்று எப்படிச் சொல்வது?

சரி, மனிதர்களுக்கு? இந்தப் புரதத்தை விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். ரத்தத்தில் ஏற்றினாலும் மூளைக்குள் போகாது. அதனால் பிரிட்டனின் பிரிஸ்டலில் நோயாளிகளின் மூளைக்குள் மெல்லிய குழாய்களைப் பதித்து, காதுக்குப் பின்னால் வைத்த இணைப்பு வழியாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை செலுத்திப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. ஸ்கேனில் மாற்றம் தெரிந்தது. ஆனால் நடமாட்டத்தில், வெறும் திரவம் ஏற்றியவர்களைவிடக் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை. அறுவைச் சிகிச்சை செய்தே இந்த நிலை என்றால் கேப்சூலை என்ன சொல்ல!

புட்டியில் எம்ஏஎல் (MAL) எண், அதாவது மலேசிய மருந்துப் பதிவு எண், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். இருந்து, இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து டி (T) என்றால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. பார்க்கின்சன் குணமாகும் என்பதற்கு அது சான்றல்ல.

அப்புறம் முக்கியமான ஒன்று: கேப்சூலை நம்பி, பார்க்கின்சனுக்கு டாக்டர் தரும் லெவோடோபா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று அப்பா சொன்னால், எப்போது விழுங்குகிறார் என்று கேளுங்கள். நாசி கண்டார் கோழியோடு சேர்த்துப் போட்டால் இறைச்சிப் புரதம் மருந்தை மூளைக்குப் போகவிடாமல் தடுக்கும்; சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த 280 வெள்ளியைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள்.