கேள்வி அழியாத கரும்பலகை

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை.)

கேள்வி: சமூக வலைத்தளம் என்பது பொழுதுபோக்குக்காக வந்தது, அதைக் கல்வியோடு பிற்பாடு ஒட்டவைத்துவிட்டார்கள் என்கிறார் என் நண்பர். உண்மையா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் நண்பர் வரிசையை மாற்றிச் சொல்கிறார். படிப்புக்கென்று கட்டிய வீட்டில்தான் இந்தப் பழக்கம் வெகு சீக்கிரமே குடியேறியது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ல் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் கணினி வழியாகப் பாடம் நடத்தும் ‘பிளாட்டோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மாணவன் திரைக்கு முன் உட்கார்ந்து பாடம் படிப்பான், விடையைத் தட்டுவான், கணினி திருத்தும். பக்கத்துத் திரையில் இருப்பவனோடு அவன் பேசவேண்டும் என்று அப்போது யாரும் திட்டமிடவில்லை. 1970-களில் நூற்றுக்கணக்கான திரைகள் ஒரே பெரிய கணினியோடு இணைந்தன. பயன்படுத்துகிறவர்கள் அதிலுள்ள பிழைகளை ஒரு பொதுக் கோப்பில் எழுதிவைப்பார்கள். அந்தக் கோப்பில் யாரும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதை யாரும் அழிக்கலாம். எழுதியது யார் என்றும் தெரியாது.

இதைச் சரிசெய்யும் வேலை 1973-ல் டேவிட் வூலி என்ற இளைஞரிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 17. நம் ஊரில் பிளஸ் டூ முடிக்கும் வயது! அவர் எழுதிய ‘நோட்ஸ்’ என்ற நிரலில், எழுதுகிறவரின் அடையாளமும் தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொட முடியாது. பதில்கள் அந்தந்தக் கேள்விக்கு அடியிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். அறிவிப்புகளுக்கு ஒரு பகுதி, உதவி கேட்க ஒரு பகுதி, பொதுப் பேச்சுக்கு ஒரு பகுதி என்று மூன்றாகப் பிரித்தும் வைத்தார். பிழை சொல்ல வைத்த ஏடு, விரைவிலேயே எல்லாவற்றையும் பேசும் திண்ணையாகிவிட்டது. அதே ஆண்டில் வூலியும் டக் பிரவுன் என்பவரும் ‘டாக்கோமேட்டிக்’ என்ற அரட்டை நிரலையும் உருவாக்கினார்கள். ஒருவர் எழுத்தெழுத்தாகத் தட்டத் தட்ட, மற்றவர்களின் திரையிலும் அது உடனுக்குடன் தெரியும்.

அந்த மூன்று பகுதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவை தேவைப்படும்.

கேள்வி: பேஸ்புக் கல்லூரி மாணவர்களுக்காகத்தானே தொடங்கப்பட்டது? அப்படியானால் அதுவும் கல்வித் தளமா?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: 2004 பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டில் தொடங்கியபோது அந்தப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் முகவரி உள்ளவர்களுக்குத்தான் இடம். பிறகு மற்றக் கல்லூரிகள், அதன் பின் உயர்நிலைப் பள்ளிகள் என்று வேலி விரிந்தது. 13 வயது நிறைந்த எவரும் சேரலாம் என்றானது 2006 செப்டம்பரில். மாணவர்களின் படமும் பெயரும் அச்சிட்ட கல்லூரிக் கையேட்டின் பெயர்தான் அதற்கும் வந்தது. ஆக, அதன் வேலி கல்லூரியுடையது. ஆனால் உள்ளே நடந்தது பாடம் அல்ல, யார் யார் என்று அறிந்துகொள்வது. மாணவர்கள் கூடும் இடமெல்லாம் கற்கும் இடமாகிவிடாது. நம் பேருந்து நிறுத்தங்களிலும்தான் மாணவர்கள் கூடுகிறார்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வயது 12. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய எண்ணையே சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், குளித்தலை

பதில்: வேண்டாம் அம்மா. தானே கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தது 13 வயது வேண்டும் என்கிறது வாட்ஸ்அப்பின் விதியே. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இப்படி ஒரு குழுவில் சேர்ந்தால் உங்கள் மகளின் கைப்பேசி எண் அங்குள்ள எல்லோருக்கும் போய்விடும். நாற்பது குழந்தைகள் என்றால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் கைகளிலும் அந்த எண் இருக்கும். உங்கள் எண்ணைக் கொடுங்கள். மாலையில் பத்து நிமிடம் அவளோடு உட்கார்ந்து, வந்ததை இருவரும் சேர்ந்து படியுங்கள். தனிநபர் விவரங்களைக் காக்க நம் நாட்டில் 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைகள்தான் என்பதை ஆசிரியரிடமும் பணிவாக நினைவூட்டுங்கள். எதிர்த்துப் பேசுவதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: வலையமைப்பையே வகுப்பறையாக்கி உண்மையாகவே யாராவது பாடம் நடத்தியிருக்கிறார்களா?
– உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

பதில்: கனடாவில் 2008-ல் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்ற இருவர் மானிடோபா பல்கலைக்கழகத்தின் வழியாக ஒரு பாடம் நடத்தினார்கள். கட்டணம் கட்டிப் படித்தவர்கள் ஏறக்குறைய 25 பேர். இலவசமாகச் சேர்ந்தவர்களோ சுமார் 2,200 பேர். மாணவர்கள் தங்கள் தங்கள் இணையப் பக்கங்களில் எழுதியதையும் தொகுத்து, நாள்தோறும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். ஏராளமானோர் சேரக்கூடிய திறந்த இணையவழிப் பாடத்தைக் குறிக்கும் ‘மூக்’ (MOOC) என்ற சொல்லே இந்தப் பாடத்தை ஒட்டிப் பிறந்ததுதான். பின்னாளில் அந்தப் பெயரில் வந்தவற்றில் பல, காணொளியைப் பார், தேர்வை எழுது என்று சுருங்கிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதியதுதான் அங்கே பாடமாக இருந்தது.

கேள்வி: எங்கள் பள்ளிக் குழுவில் காலை வணக்கம், சுற்றறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் இருக்கிறது. மாணவர் ஒருவர் பாடத்தில் சந்தேகம் கேட்டால் பத்து நிமிடத்தில் அது மேலே போய்க் காணாமல் போய்விடுகிறது. என்ன செய்வது?
– முதுகலை ஆசிரியர், அறந்தாங்கி

பதில்: நானும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறேன் ஐயா. 2020-ல் பள்ளி மூடியபோது பிளஸ் டூ மாணவர்கள் 47 பேருக்காக ஒரு குழு தொடங்கினேன். அவர்கள் வீடுகளில் இருந்த கைப்பேசிகள் 29. பல வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைப்பேசியே வீட்டுக்கு வரும். அதனால் என் வகுப்பு இரவு எட்டரைக்கு மேல்தான்.

முதல் இரண்டு வாரம் யார் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் விடை எழுதிவிடுவேன். விடை வந்ததும் வரிசையாகக் கும்பிடும் கைகள் வரும். அதோடு பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் ஒரு மாணவன் கேட்டிருந்தான்: ‘குவிலென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பிம்பத்திலும் பாதி மறையுமா?’ அன்று உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நான் மறுநாள்தான் பார்த்தேன். அதற்குள் 14 பதில்கள். பாதி மறையும் என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தாத்தாவின் பூதக்கண்ணாடியில் பாதியை மூடி, ஜன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழவைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஜன்னல் முழுதாக இருந்தது, சற்று மங்கலாக. ஏன் என்று இன்னொருவன் எழுதினான்: பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்சு முழுவதும் விழுகிறது, பாதி மூடினாலும் மீதிப் பாதி வழியாக எல்லாப் புள்ளிகளின் ஒளியும் வந்து சேரும், அளவுதான் குறையும். நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அன்று இரவே குழுவை இரண்டாக்கினேன். அறிவிப்புக் குழுவில் நிர்வாகி மட்டுமே எழுத முடியும்படி அமைத்தேன். சுற்றறிக்கைகள் அங்கே. கேள்விக் குழுவில் வணக்கம், வாழ்த்து எதுவும் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘கே 1’, ‘கே 2’ என்று எண். பதில் சொல்கிறவர் எண்ணைக் குறிப்பிட்டே எழுதவேண்டும். 24 மணி நேரம் முடியும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. வூலி செய்த மூன்று பகுதிகளைப் பற்றி நான் பிறகுதான் படித்தேன். அறிவிப்பும் சந்தேகமும் ஒரே பாயில் படுக்கக்கூடாது என்பதை அந்த 17 வயது இளைஞர் அப்போதே கண்டிருந்தார்.

இன்னொன்றையும் செய்யுங்கள். கைப்பேசி உடையும், எண் மாறும், குழு கலையும். எங்கள் குழுவில் வாரம் ஒருவர், கேள்வியையும் தேறிய விடையையும் ஒரு நீள நோட்டில் கையால் எழுதிவைத்தார்கள். ஆண்டு முடிவில் 118 கேள்விகள். விடை தேறாதவற்றுக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டோம். அந்த நோட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன், அவர்கள் அதற்கடுத்தவர்களிடம்.

‘கே 84’ இப்படி: ‘சோப்புக் குமிழி உடைவதற்குச் சற்று முன் அதன் உச்சியில் கறுப்பாகத் தெரிகிறதே, ஏன்?’ இரண்டு ஆண்டுகள் காலியாகவே இருந்த அந்த அரைப் பக்கத்தில், 2022-ல் ஒரு மாணவன் பென்சிலால் எழுதினான்: ‘நீர்ப்படலம் அங்கே மிகமிக மெல்லியதாகிவிடுகிறது. முன்பக்கத்தில் எதிரொளிக்கும் ஒளியின் கட்டம் புரண்டுவிடும், அதாவது அலையின் மேடு பள்ளமாகும். பின்பக்கத்து ஒளிக்குப் புரளாது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.’ கேட்ட பெண் அதற்குள் செவிலியர் படிப்புக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். இரவுப் பணி முடிந்து, காலை ஆறு மணிக்குப் பதில் எழுதினாள்: ‘டீச்சர், கட்டம் புரள்வது ஏன் முன்பக்கத்தில் மட்டும்?’ அதற்கு ‘கே 119’ என்று எண் கொடுத்திருக்கிறோம்.