மலையைப் படிக்க எந்த நூல்? கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு இம்மாதம் வந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற நூலகர் என்ற முறையில் என்னால் இயன்ற பதில்கள் இவை.

பண்டாரவளை ஆசிரியை: தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு நம் மலைகள் மீது பற்று உண்டாக எதை வாசிக்கக் கொடுக்கலாம், ஐயா?

குறிஞ்சிப்பாட்டைக் கொடுங்கள். கபிலர் அதில் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். அவற்றை மனனம் செய்யுமாறு மட்டும் பணிக்காதீர்கள், பிள்ளைகள் அப்பாட்டை வெறுத்ததற்கு அதுவே காரணம். மாறாக, லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) பின்புறத்திலும் பீலிக்கரையிலும் (நீர் பிடிக்கும் இடத்திலும்) தேயிலை மலையின் வடிகால் கான் ஓரத்திலும் பூத்திருப்பவற்றுள் தமக்குப் பெயர் தெரிந்தவற்றை எழுதி வரச் சொல்லுங்கள். நான் இதைச் செய்து பார்த்த வகுப்பில் பெரும்பாலான தாள்கள் ஏழாவது பெயரைத் தாண்டவில்லை. ஒரு சிறுமி மட்டும் பதினொன்று எழுதியிருந்தாள். அவற்றுள் நான்கு, அவளுடைய அப்பாயி மருந்துக்குப் பறிப்பவை.

ஓர் எச்சரிக்கை: எந்த நூலானாலும் அது எந்த மண்ணைப் பற்றி எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். நீலகிரியில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும், இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் 2013இல் கூட்டமாகப் பூத்த, சிங்களத்தில் நெலு எனப்படும் செடிகளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டும் ஒரே செடி அல்ல.

தலவாக்கலை வாசகர்: பறவைகளைப் பற்றி அறிய சாலிம் அலியின் நூல் போதுமா?

போதாது. அது இந்தியப் பறவைகளுக்கான நூல். இலங்கைக்கு ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட பறவை வழிகாட்டியை எடுங்கள். ஆங்கில நூல்தான் என்றாலும், படங்களையும் அவரே வரைந்திருக்கிறார். மலைக்காட்டு ஓடைகளை அண்டி வாழும் சீழ்க்கைப் பூங்குருவி உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. விடியலிலும் அந்தியிலும் அதன் கூரிய குரல் கேட்கும், பறவை எளிதில் கண்ணில் படாது. என் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எனக்கு முன் அதை வைத்திருந்த யாரோ பென்சிலால் இரண்டு திகதிகளைக் குறித்திருக்கிறார்கள். அவற்றுக்கிடையே ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. அப்பறவையைப் பார்க்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நான் அந்தப் பென்சில் கோடுகளிலிருந்தே அறிந்துகொண்டேன்.

மஸ்கெலியா வாசகர்: எங்கள் தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. ஜிம் கோர்பெட் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் முன்சொன்ன எச்சரிக்கையோடு. வட இந்தியாவின் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைப் பற்றி வேட்டைக்காரரான அவர் எழுதிய நூல், மனிதரை உண்ணப் பழகிய ஒரு தனி விலங்கின் கதையாகும். நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் மீது சிறுத்தை பாய்ந்ததுண்டு எனினும், அது பெரும்பாலும் தேயிலைக்குள் படுத்திருந்த விலங்கு திடுக்கிட்டுத் தாக்குவதே. இங்கே ஆபத்து எதிர்த்திசையில்தான் அதிகம்: பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அவ்வாறு சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது.

பதுளை வாசகர்: இந்நூல்களின் பிடிஎஃப் கிடைக்குமா?

நூலகத்தில் கேளுங்கள்.

ஹட்டன் வாசகர்: சென்ற மாதப் பட்டியலில் சாமுவேல் பேக்கரின் வேட்டை நூலைச் சேர்த்திருந்தீர்கள். யானையைச் சுட்டவரின் புத்தகம் எப்படி இயற்கையைக் காக்கத் தூண்டும்?

பேக்கரை விரும்பும்படி நான் சொல்லவில்லை. நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களை விட்டு மரைகளை (பெரிய மான்களை) துரத்திய அந்த மனிதர், 1850களில் தம் வீரத்தைப் புகழ்ந்துகொள்ளவே எழுதினார். ஆயினும், ஹோர்ட்டன் சமவெளியில் யானைகள் திரிந்தன என்பதற்கு அவரும் ஒரு சாட்சி. இன்று அங்கே மரை உண்டு, யானை இல்லை. இழந்தது என்ன என்பதை அறிய, சில வேளை இழப்பித்தவனின் நாட்குறிப்பையே புரட்ட வேண்டியிருக்கிறது.

நாவலப்பிட்டி வாசகர்: துப்பாக்கியை விடக் கோப்பிதானே காட்டை அழித்தது? அப்படியானால் காட்டை வெட்டிய எங்கள் பாட்டன்மாரும் குற்றவாளிகளா?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன், ஹட்டன் அன்பரும் கேட்டுக்கொள்ளட்டும். முதற்பாதியில் நீங்கள் சொல்வது சரி. கோப்பிக்காகவே பெருங்காடுகள் வீழ்ந்தன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்த பின்னரும் அச்சரிவுகள் காடாகத் திரும்பவில்லை, அவற்றில் தேயிலை ஏறியது. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக் கூடாதென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுரை கூறியிராவிட்டால், உச்சிகளிலும் இன்று தேயிலையே நின்றிருக்கும்.

பாட்டன்மாரைப் பொறுத்தவரை, கத்தியைப் பிடித்தவர் அவர். எங்கே வெட்டுவது என்று தீர்மானித்தவரும் இலாபம் கண்டவரும் வேறு. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய நெடுங்கவிதை, தேயிலைக்கு அடியில் புதைந்து கிடக்கும் அம்மனிதரைப் பாடுகிறது. பேக்கரைப் படிப்பவர் அதையும் உடன் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். காட்டைப் பற்றிப் பேசும்போது லயத்தை மறைத்துவிடுகிற நூல், எத்தனை வண்ணப்படங்களோடு வந்தாலும் எனக்கு அரை நூல்தான்.

இராகலை வாசகர்: எங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது. மண்சரிவு பற்றி நூல் உண்டா?

நூல் தேட வேண்டாம். உடனே கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

கொட்டகலை வாசகர்: சிறுவருக்கு ஒரேயொரு நூல் சொல்லுங்கள். பிடிஎஃப் இருந்தால் நல்லது.

முதற் பதிலைப் பார்க்கவும். பிறகு நான்காவதை.