நல்ல சம்பளம் வேண்டும், நேரமும் நம் வசதிக்கு இருக்க வேண்டும்: அப்படி ஒரு வேலை உண்டா?

கேள்வி கேட்டவர் பி.காம். முடித்துத் தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். காலையில் போனால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடுகிறது, வருமானம் குறையாமல் நேரம் மட்டும் நம் கையில் இருக்கிற வேலை எது என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. நான் பார்ப்பதே அப்படி ஒரு வேலைதான். சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்பு முடித்துவிட்டுத் திருப்பூரில் சொந்தமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். பனியன் கம்பெனிகள், நூல் கடைகள், டையிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர்கள்தான் என் கிளையண்ட்கள். மகள் பள்ளி விட்டு வரும்போது பெரும்பாலும் வீட்டில் இருக்கிறேன். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. வருமானத்துக்கும் குறைவில்லை.

ஆனால் "இந்த வேலைக்குப் போங்கள்" என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. எந்த வேலையாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அங்கே நமக்காகக் காத்திருப்பவர் யார், அவரால் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? நேரம் நம் கையில் இருக்குமா இருக்காதா என்பது அதில்தான் இருக்கிறது.

சென்னை, கோவை, திருச்சியில் நிறையப் பேர் வேலை பார்க்கிற மெடிக்கல் பில்லிங் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோடிங் பார்ப்பவர், அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோட் எண்ணைப் போடுகிறார். நோயாளி வந்து போய்விட்டார், எதிரில் யாரும் காத்திருக்கவில்லை. அதனால் பகலில் செய்யலாம், பல கம்பெனிகளில் வீட்டிலிருந்தும் செய்யலாம். அதே கம்பெனியில் ஏ.ஆர். காலிங் பார்ப்பவரோ அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, பணம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். அங்கே ஆபீஸ் திறந்திருக்கும்போதுதான் கேட்க முடியும், ஆகவே நைட் ஷிஃப்ட். ஒரே துறை, ஒரே கட்டடம், இரண்டு பேருடைய வாழ்க்கையும் வேறு வேறு. சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். தனக்கென்று பிரித்துக் கொடுத்த வேலையை முடித்து அனுப்புபவருக்குக் கிடைக்கிற நிம்மதி, ஓடிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேர் நின்றால் உடனே சரிசெய்ய வேண்டிய புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருப்பவருக்குக் கிடைக்காது.

இனி என் வேலைக்கு வருகிறேன். எங்களுக்கு நேரம் நெகிழும், தேதி நெகிழாது. 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ்., அதாவது கிளையண்ட் மற்றவர்களுக்குப் பணம் கொடுக்கும்போது பிடித்துவைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 போட வேண்டும், அதாவது போன மாதம் நம் கிளையண்ட் விற்றதற்கான பில்களை எல்லாம் ஜி.எஸ்.டி. போர்டலில் ஏற்றியாக வேண்டும். 20-ஆம் தேதிக்குள் அந்த மாத வரிக் கணக்கின் சுருக்கமான 3பி ரிட்டர்னைப் போட்டு வரியைக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சின்ன கம்பெனிகளுக்குத் தமிழ்நாட்டில் 22 வரை நேரம் உண்டு.

இதில் 11 தவறினால் என்ன ஆகும் என்று சொன்னால்தான் எங்கள் வேலை புரியும். சரக்கு வாங்கியவர், வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.-யைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார், அதுதான் இன்புட். அவருக்கு எவ்வளவு இன்புட் கிடைக்கும் என்று காட்டுகிற 2பி என்கிற பட்டியல், போர்டலில் 14-ஆம் தேதி தயாராகும். நாம் ஏற்றாத பில் அதில் இருக்காது. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க முடியாது. அப்படியானால் வாங்கியவர் அந்த வரியை அந்த மாதம் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். உடனே எங்கள் கிளையண்டிடமிருந்து போன் வரும்: "மேடம், பார்ட்டி கூப்பிட்டுச் சத்தம் போடறாருங்க. நம்ம பில்லு அவருக்குக் காட்டலைங்களாம், பேமெண்டை நிறுத்தி வெச்சிட்டாரு." சின்ன யூனிட்டுக்கு ஒரு பேமெண்ட் நின்றால் அந்த வாரச் சம்பளமே நிற்கும். சனிக்கிழமை சம்பளம் போடுகிற ஊர் இது. அதனால் 11-க்கு முந்தைய ராத்திரிகளில் நான் தூங்கப் போக நேரமாகும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அதே சமயம் 21-லிருந்து மாதக் கடைசிவரை மூச்சு விடலாம். மே மாதம் ஓரளவு லேசாக இருக்கும், பிள்ளைகளுக்கும் லீவு. ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் கூட்டம் தொடங்கும். செப்டம்பர்தான் கடினம். வருமான வரிக்காகக் கணக்கைத் தணிக்கை செய்கிற டேக்ஸ் ஆடிட்டின் அறிக்கைக்குக் கடைசி நாள் வழக்கமாக 30-ஆம் தேதி. சில வருடங்களில் நீட்டித்தார்கள், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. காலாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது நான் லெட்ஜர்களுக்கு நடுவில் இருப்பேன். இது எனக்கு ஒத்துவருகிறது. தினமும் ஒரே மாதிரி நேரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது, அவர்களுக்கு அரசு வேலையோ பெரிய கம்பெனி வேலையோதான் மேல்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் சில வருடங்கள் கஷ்டம். வேலை இருக்கும், ஃபீஸ் வராது. "பேமெண்ட் வந்ததும் போட்டு விடறேங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யுமில்லை, அவர்களுக்கே பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. வேலை சுத்தமாக இருந்தால் ஒரு கிளையண்ட் இன்னொருவரைக் கூட்டி வருவார். அப்படித்தான் வளரும்.

இன்னொன்று, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அது முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், முதலாளியும் நீங்களும் பேசி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், அதனால் கேளுங்கள். சொந்தப் பிராக்டிஸில் இவை எதுவும் கிடையாது. பி.எஃப். கூடக் கிடையாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பி.காம்.-இல் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.-வில் முதல் தேர்வான ஃபவுண்டேஷனை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டரில் சேரலாம். இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்தபின் ஆர்டிகல்ஷிப், அதாவது ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி. 2023-இல் கொண்டுவந்த புதிய முறையில் அது 2 வருடம்தான், முன்பு 3 வருடம். அந்த 2 வருடத்தில் கையில் வருவது சொற்பம் என்பதால் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அவ்வளவு தூரம் முடியாதென்றால், பி.காம். பட்டத்தை வைத்தே ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம். அதற்கான தேர்வை மத்திய மறைமுக வரித் துறையின் பயிற்சி அமைப்பான நாசின் நடத்துகிறது. டேக்ஸ் ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் மாத ரிட்டர்ன் வேலையைத் தாராளமாகச் செய்யலாம்.

இரண்டுக்கும் முன்னால், இப்போது இருக்கிற சீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். உங்கள் கம்பெனியின் ரிட்டர்னை ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 14-க்குப் பிறகு 2பி-யை இறக்கி, கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேரில் இருக்கிற பர்ச்சேஸ் பில்களோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். எந்த சப்ளையர் பில் ஏற்றவில்லை, எதில் ஜி.எஸ்.டி. நம்பர் தப்பு, எந்த பில் போன மாதத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள். இந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆள் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. அப்படி ஒருவர் அரை நாள்தான் வருவேன் என்றாலும், வீட்டிலிருந்துதான் பார்ப்பேன் என்றாலும், நானே எடுத்துக்கொள்வேன்.