மலைமேல் முகாமில் அரை மணி நேரம் வேகவைத்தும் காட்டுச் சேம்பு தொண்டையை அரிக்கிறதா?

அரை மணி நேரம் போதாது, அதுவும் முழுக் கிழங்காகப் போட்டால். தோலைக் கனமாகச் சீவி, கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, 20 நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் குறைந்தது 45 நிமிடம். கரண்டியால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். நடுவில் கடுக்கென்றால் இன்னும் வேகவில்லை.

அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். முகாம் மலைமேல் என்றீர்களே, சந்தேகம் அங்கேதான்: 2,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கிழங்கு வேக இன்னும் நேரமாகும். குக்கர் இருந்தால் தூக்கிப் போங்கள், சுமை என்று பார்க்காதீர்கள்.

வெந்ததில் பட்டாணி அளவு எடுத்து நாக்கு நுனியில் வைத்து, மென்று துப்பிவிட்டு 15 நிமிடம் பொறுங்கள். சுருக்கென்றால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

இந்தச் சோதனை அரிப்புக்கு மட்டும்தான். பெயர் தெரியாத கிழங்கில் செய்யாதீர்கள். பல நஞ்சுகள் நாக்கில் தெரியவே தெரியாது. கசக்கிற காட்டு வள்ளிக்கிழங்கு வேறு சங்கதி, வெறுமனே வேகவைத்தால் அதன் நஞ்சு போகாது.

நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனை.